வழிகாட்டும் ஓசை: முதுகுப்பையிலிருந்து கைப்பேசிக்கு

"இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்று கைப்பேசி சொல்கிறது. நாம் தலையை நிமிர்த்திப் பார்க்கிறோம், தெருமுனை தெரிகிறது, திரும்புகிறோம். அந்தக் குரல் செய்தது பாதி வேலைதான். மீதியைக் கண் முடித்துவிடுவதால் அது நமக்கு உறைப்பதில்லை. பார்வையற்றவர் அதே வாக்கியத்தைக் கேட்டால் கேள்விகள்தான் மிஞ்சும். திரும்பவேண்டிய முனை இதுதானா, இன்னும் நாலடி தள்ளியா? நேராக இடப்பக்கமா, சாய்வாகவா? கடக்கவேண்டிய சாலை எந்தப் பக்கம் போகிறது?

இந்த மீதிப் பாதியையும் காதிடமே கொடுத்துவிட்டால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். அதிலிருந்து பிறந்தது ஒரு விசித்திரமான ஓசை. போகவேண்டிய கட்டடத்தின் வாசலிலிருந்தே வருவதுபோல் அது கேட்கும். வாசலில் மணியும் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. ஓசை இருப்பது நடப்பவரின் ஹெட்போனில்தான். ஆனால் அவர் தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓசை மட்டும் அந்த வாசலிலேயே நிற்கும். அது பிறந்து வளர்ந்து, ஆதரவற்றுப்போய், வேறு கைகளால் தூக்கி வளர்க்கப்பட்ட நாற்பது ஆண்டுக் கதையைச் சொல்லவேண்டும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜாக் லூமிஸ் உளவியல் பேராசிரியராக இருந்தார். மனிதர்கள் தூரத்தையும் திசையையும் எப்படி உணர்கிறார்கள் என்பது அவருடைய துறை. அதே வளாகத்தில் ரெஜினால்ட் கோலெட்ஜ் புவியியல் பேராசிரியர். ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ஒரு நகரத்தில் வாழ்பவரின் மனத்தில் அந்த நகரத்தின் வரைபடம் எப்படி உருவாகிறது, எங்கே பிசகுகிறது என்று ஆராய்ந்து பெயர்பெற்றவர். 1984இல் அவருக்குப் பார்வை போய்விட்டது. மனவரைபடத்தைப் பற்றி எழுதிவந்தவர், தன் மனவரைபடத்தை மட்டுமே நம்பி நடக்கவேண்டிய நிலைக்கு வந்தார்.

அடுத்த ஆண்டு, 1985இல், லூமிஸ் ஒரு திட்டத்தை எழுதினார். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அப்போது முழு எண்ணிக்கையில் வானத்தில் இல்லை. அந்த அமைப்பு முழுமையாகச் செயல்படத் தொடங்கியது 1995இல்தான். ஆனாலும் திட்டம் தெளிவாக இருந்தது. நடப்பவர் நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் சொல்லும். சுற்றுப்புறத்தின் வரைபடம் கணினியில் இருக்கும். நூலகம், நிழற்குடை, படிக்கட்டு ஒவ்வொன்றும் தான் இருக்கும் திசையிலிருந்தே தன் பெயரைச் சொல்வதுபோல் ஹெட்போனில் ஒலிக்கும். கோலெட்ஜும் ராபர்ட்டா கிளாட்ஸ்கி என்ற உளவியலாளரும் லூமிஸோடு சேர்ந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்தக் கருவி பல்கலைக்கழக வளாகத்தில் நடமாடத் தொடங்கியது.

நடமாடியது என்று சொல்வதைவிட, சுமக்கப்பட்டது என்று சொல்லவேண்டும். கணினி, மின்கலங்கள், ஜி.பி.எஸ். பெட்டி எல்லாம் ஒரு முதுகுப்பைக்குள் இருந்தன. எடை 10 கிலோவுக்கு மேல். பைக்கு மேலே ஆண்டெனா நீட்டிக்கொண்டு நிற்கும். தலையில் ஹெட்போன், அதன் பட்டையில் மின்னணுத் திசைகாட்டி. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையை அமெரிக்க அரசு அந்நாளில் வேண்டுமென்றே குழப்பி வைத்திருந்தது; 100 மீட்டர் வரை பிழை வரும். அதைச் சரிசெய்ய, தன் இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையான கருவியிலிருந்து திருத்தக் கணக்கை வானொலி வழியாக முதுகுப்பைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். இவ்வளவும் கோலெட்ஜ் போன்ற ஒருவர் வளாகத்துக்குள் தானாக நடந்துபோவதற்காக.

அந்தத் திசைகாட்டியை இடுப்பிலோ பையிலோ வைக்காமல் தலையில் வைத்ததுதான் கருவியின் உயிர்நாடி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

வலப்பக்கத்திலிருந்து வரும் ஓசை முதலில் வலது காதை எட்டுகிறது. தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குப் போகக் கொஞ்சம் தாமதம் ஆகிறது. அந்தத் தாமதம் மிஞ்சிப்போனாலும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, சுமார் 0.65 மில்லிவிநாடி. அதை வைத்தே மூளை திசையைக் கணித்துவிடுகிறது. கீச்சென்ற ஓசைகளைத் தலை மறைப்பதால் தூரத்துக் காதில் அவை மெலிந்தும் கேட்கும்; அதுவும் ஒரு தடயம். இந்த இரண்டையும் ஹெட்போனில் செயற்கையாக உண்டாக்கிவிட்டால், இல்லாத மணி இருக்கிற மணியாகிவிடும்.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சும். நேர் முன்னால் இருக்கும் ஓசையும் நேர் பின்னால் இருக்கும் ஓசையும் இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில்தான் எட்டுகின்றன. அசையாமல் நின்றால் முன்னா பின்னா என்று தடுமாற்றம் வரும். அன்றாட வாழ்க்கையில் நாம் அறியாமலேயே தலையைச் சற்றுத் திருப்பி இதைத் தீர்த்துக்கொள்கிறோம். வலப்பக்கம் திரும்பும்போது ஓசை இடது காதுக்கு நகர்ந்தால் அது முன்னால் இருக்கிறது. வலது காதுக்கு நகர்ந்தால் பின்னால் இருக்கிறது. ஆகவே செயற்கை ஓசையும் தலை திரும்புவதற்கு ஏற்ப நகரவேண்டும். தலை எங்கே பார்க்கிறது என்று கருவிக்குத் தெரியாவிட்டால் மாயம் உடைந்துபோகும்.

லூமிஸ் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கதையில் முக்கியமான திருப்பம். பார்வையற்றவர்களை ஒரே மாதிரியான பாதைகளில் பல விதமாக வழிநடத்திப் பார்த்தார்கள். "இடது", "வலது", "நேரே" என்று மட்டும் குரல் சொன்னது ஒரு முறை. எத்தனை பாகை திரும்பவேண்டும் என்று குரல் சொன்னது இன்னொரு முறை. மூன்றாவதில், அடுத்த இலக்கின் திசையிலிருந்தே ஓசை வந்தது. நடையின் செம்மையிலும் நடந்தவர்களின் விருப்பத்திலும் மூன்றாவது முறைதான் முன்னால் நின்றது. பாகைக் கணக்கைக் காதால் கேட்டு, மனத்தால் கோணமாக்கி, பிறகு உடலைத் திருப்பும் வேலை இதில் இல்லை. பின்னாலிருந்து யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கணக்குப் போடாமல் திரும்புகிறோமே, அப்படித் திரும்பலாம்.

ஒரு குறையையும் அவர்களே பின்னாளில் பதிவுசெய்தார்கள். பங்கேற்றவர்களில் சிலர் ஹெட்போனைக் கண்டு தயங்கினார்கள். தயக்கம் நியாயமானது. பார்வையற்ற பாதசாரிக்குத் தெருவே காதில்தான் இருக்கிறது. வண்டிகள் நிற்கும் ஓசையும் கிளம்பும் ஓசையும் சந்திப்பின் வடிவத்தைச் சொல்கின்றன. வெள்ளைக் கைத்தடி தட்டும்போது எழும் எதிரொலியில் சுவர் முடிந்து சந்து தொடங்குவது தெரிகிறது. அந்தக் காதை மூடிவிட்டு வழிகாட்டுவது உதவியாகாது. இந்தச் சிக்கல் தீர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

வேறொரு வழியும் இருந்தது: ஓசையையோ சமிக்ஞையையோ உண்மையாகவே அந்தந்த இடத்தில் பொருத்திவிடுவது. ஜப்பானியச் சந்திப்புகளில் ஒரு திசைக் கடவைக்குக் குக்கூப் பறவையின் கூவலும் குறுக்குத் திசைக்குக் குஞ்சுப் பறவையின் கீச்சொலியும் ஒலிப்பது அந்த வகை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 'டாக்கிங் சைன்ஸ்' என்ற பெயரில், கட்டடங்களில் அகச்சிவப்புக் கதிர் அனுப்பிகளைப் பொருத்தினார்கள். கையிலுள்ள கருவியை அந்தப் பக்கம் நீட்டினால் இடத்தின் பெயர் கேட்கும். நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் பொருத்திய இடத்தில் மட்டுமே வேலை செய்யும். ஓர் ஊர் முழுக்கப் பொருத்த யார் பணம் தருவார்கள்?

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞையைக் குழப்புவதை நிறுத்தியது. ஒரே இரவில் உலகமெங்கும் பிழை பத்திருபது மீட்டருக்குள் சுருங்கியது. பார்வையற்றவரான மைக் மே நடத்திய செண்டெரோ குழுமம் அதே ஆண்டு மடிக்கணினியில் இயங்கும் பேசும் ஜி.பி.எஸ்.ஸைக் கொண்டுவந்தது, 2002இல் அது பிரெய்ல் குறிப்பேட்டுக் கருவிக்குள் புகுந்தது. இந்தத் தலைமுறைக் கருவிகள் பேசின. கடிகார முள்ளை வைத்து, "இரண்டு மணித் திசையில்" என்று சொல்லின. சாண்டா பார்பராவின் ஓசை அவற்றில் இல்லை. விலையும் சாதாரண மனிதர் கைக்கு எட்டாதது.

பிறகு 2009 ஜூனில் ஐஃபோன் 3ஜிஎஸ் வந்தது. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் ஐஃபோனில் முதன்முதலாக அதில்தான் அமைந்தது. திசைகாட்டியும் ஐஃபோனில் முதன்முதலாக அதில்தான் அமைந்தது. வழவழப்பான கண்ணாடித் திரை பார்வையற்றவர்களை ஒதுக்கிவிடும் என்ற அச்சம் இருந்த காலத்தில், முதுகுப்பையில் இருந்த அத்தனையும் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. தனிக்கருவிக்குக் கொட்டிக்கொடுக்கத் தேவையில்லை. எல்லோரும் வாங்கும் அதே போன் போதும். என் கணிப்பில் இந்தக் கதையின் மிகப் பெரிய நிகழ்வு இதுதான். 2012இல் பின்லாந்துக்காரர் இல்கா பிர்ட்டிமா உருவாக்கிய 'பிளைண்ட்ஸ்கொயர்' செயலி, நடக்க நடக்கச் சுற்றியுள்ள கடைகளையும் சந்திப்புகளையும் அறிவித்தது. அதுவும் பேச்சுதான்.

திசையிலிருந்து வரும் ஓசை மறுபடி உயிர்பெற்றது இங்கிலாந்தில். இளமையில் பார்வையை இழந்த ஆமோஸ் மில்லர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் வேலை பார்த்துவந்தார். அவருடைய முனைப்பில், 'கைட் டாக்ஸ்' என்ற பிரிட்டிஷ் அறநிறுவனமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 2014இல் 'சிட்டீஸ் அன்லாக்டு' என்ற முயற்சியை அறிவித்தன. ரெடிங் நகரத்திலிருந்து லண்டன் வரை, நடையும் ரயிலும் பேருந்துமாகப் பயணம் செய்து பார்த்தார்கள். அதில் பயன்பட்ட ஹெட்செட் காதுக்குள் போவதில்லை. காதுக்கு முன்னால், கன்னத்து எலும்பின் மேல் உட்கார்ந்து, எலும்பின் அதிர்வு வழியாக ஓசையை உட்செவிக்குச் சேர்க்கும். காதுத் துளை திறந்தே இருக்கும். சாண்டா பார்பராவில் தயங்கியவர்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

2018 மார்ச்சில் அந்த ஆராய்ச்சி 'சவுண்ட்ஸ்கேப்' என்ற பெயரில் இலவச ஐஃபோன் செயலியாக வெளியானது. அது வேலை செய்த விதத்தை அருகிலிருந்து பார்க்கலாம்.

ஒருவர் தெருமுனையில் நிற்கிறார். போகவேண்டிய காபிக்கடையின் மேல் ஓர் ஓசையை வைக்கிறார். செயலியில் இதற்கு பீக்கன் என்று பெயர். போனை உள்ளங்கையில் படுக்கைவாட்டில், அதன் தலைப்பகுதி முன்னோக்கி இருக்கும்படி பிடிக்கிறார். டக், டக் என்று மந்தமான தட்டல் கேட்கிறது, வலப்பக்கத்துப் பின்னாலிருந்து. மெல்லத் திரும்புகிறார். தட்டலும் வலது காதிலிருந்து முன்னால் நகர்ந்து வருகிறது. கடைக்கு நேர்முகமாக நின்றதும் தட்டலோடு ஒரு கணீர் சேர்கிறது. கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிட்டால் கணீர் போய்விடும். திரும்பி வந்தால் மறுபடி சேரும். இனி நடக்கலாம். நடக்கத் தொடங்கியதும் போனைப் பையில் போட்டுவிடலாம். போகும் போக்கை வைத்தே செயலி திசையைப் புரிந்துகொள்ளும். வழியில் குறுக்குத் தெருவின் பெயர் இடப்பக்கத்திலிருந்து ஒலிக்கும், ஏனென்றால் தெரு இடப்பக்கத்தில் இருக்கிறது. எதிர்ச்சாரி வங்கியின் பெயர் எதிர்ச்சாரியிலிருந்து வரும். கடையை நெருங்கியதும் அதைச் சொல்லிவிட்டு ஓசை ஓய்ந்துவிடும்.

தட்டல் ஓசையைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ஒரே சுருதியில் நீளும் மெல்லிய பீப் ஓசையின் திசையைக் காது எளிதில் பிடிப்பதில்லை. தாழ்ந்த அதிர்வுகளும் உயர்ந்த அதிர்வுகளும் கலந்த, சட்டென்று தொடங்கும் ஓசைதான் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சவுண்ட்ஸ்கேப் "திரும்பு", "நில்", "போ" என்று கட்டளையிடவே இல்லை. இடம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொன்னது. எப்படிப் போவது என்பதை நடப்பவரிடம் விட்டுவிட்டது. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். நடைபாதையில் பள்ளம் தோண்டியிருந்தால் சுற்றிப் போகலாம். தெரிந்தவர் குரல் கேட்டால் நின்று பேசலாம். வழிகாட்டி நாய் ஒரு பக்கம் இழுத்தால் அதை நம்பிப் போகலாம். எத்தனை விலகினாலும் ஓசை அங்கேயே காத்திருக்கும். கட்டளைக் குரலின் வழியிலிருந்து விலகினால் அது புதுப் பாதை தேடத் தொடங்கிவிடும். அதுவரை நடப்பவர் நடுத்தெருவில் நிற்கவேண்டும். பார்வையற்றவர் வாழ்நாள் முழுக்க யாராவது கையைப் பிடித்து இழுத்துப்போவதைச் சகித்துக்கொள்கிறார். கருவியும் அதையே செய்யவேண்டுமா?

குறைகளும் இருந்தன. ஓசை பறவை பறக்கும் நேர்கோட்டில் அழைக்கிறது. நடுவில் மதில் இருக்கலாம், ரயில்பாதை இருக்கலாம். ஓசை இழுக்கும் பக்கமே கால் போனால் கடவை இல்லாத இடத்தில் சாலையில் இறங்கிவிடும் ஆபத்தும் உண்டு. வெட்டவெளியில் போனின் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே சமிக்ஞை சுவர்களில் மோதித் திரும்பி வருவதால் பிழை கூடிவிடும். சாலையின் எந்தச் சாரியில் நிற்கிறோம் என்பதே குழம்பலாம். வாசற்படி எங்கே, கதவு எந்தப் பக்கம் என்ற கடைசிப் பத்தடியை இன்றும் கைத்தடிதான் கண்டுபிடிக்கிறது. கைத்தடிப் பயிற்சி இல்லாதவர் இத்தகைய செயலியை மட்டும் நம்பி வெளியே இறங்கக்கூடாது.

2019 அக்டோபரில் கூகுள் வரைபடம் பார்வையற்ற பாதசாரிகளுக்கென விரிவான குரல்வழிகாட்டலைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஆங்கிலத்திலும் ஜப்பானில் ஜப்பானிய மொழியிலும் தொடங்கியது. சரியான பாதையில்தான் போகிறீர்கள் என்று இடையிடையே உறுதிசொல்வதும், பெரிய சாலையைக் கடக்குமுன் எச்சரிப்பதும் அதன் சிறப்பு. வரவேற்கவேண்டிய வேலை. அதுவும் குரல்வழி மரபைச் சேர்ந்ததே.

ஆப் ஸ்டோரில் சவுண்ட்ஸ்கேப்புக்கு ஐந்தாண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. 2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை அங்கிருந்து எடுத்துவிட்டது. ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களுக்கு அந்த ஆண்டு ஜூன் முடியும்வரை ஓடியது. தினமும் அலுவலகம் போக அதை நம்பியிருந்தவர்களுக்கு இது செயலி ஒன்று போன செய்தியாக இருந்திருக்காது; பழகிய வழித்துணை போன செய்தி. ஒரு நிறுவனத்தின் ஆராய்ச்சித் திட்டம் எப்போது வேண்டுமானாலும் முடியலாம். ஆனால் அதை நம்பிக் காலெடுத்து வைத்தவரின் நடை அதோடு முடிந்துவிட முடியாது.

போகும்போது நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. செயலியின் மூலநிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்தது. கோவிட் காலத்தில் உருவான 'ஸ்காட்டிஷ் டெக் ஆர்மி' என்ற ஸ்காட்லாந்துத் தன்னார்வலர் அமைப்பு அதை எடுத்து 'சவுண்ட்ஸ்கேப் கம்யூனிட்டி' என்ற பெயரில் மீண்டும் நடமாட விட்டது. அதே நிரலிலிருந்து 'வாய்ஸ்விஸ்டா' என்ற செயலியும் பிறந்தது. ஆமோஸ் மில்லர் இப்போது தரையில் உருண்டபடி கைப்பிடித்து அழைத்துப்போகும் சக்கரக் கருவியை உருவாக்கும் வேலையில் இருக்கிறார். முதுகுப்பைக் காலத்தின் கோலெட்ஜ் 2009இலேயே காலமாகிவிட்டார்.

இந்தச் செயலிகளுக்குத் தெருவும் கடையும் எங்கிருந்து தெரிகின்றன என்பதில்தான் நமக்கும் ஒரு பங்கு வருகிறது. அவை 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்ற திறந்த வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. 2004இல் பிரிட்டனில் தொடங்கிய அந்த வரைபடத்தைத் தன்னார்வலர்களே வரைகிறார்கள். மதுரையில் இருப்பவரும் யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் திருத்தலாம். அதில் தெருவின் பெயர் இல்லையென்றால் செயலி அந்தத் தெருமுனையில் வாய்திறக்காது. கடை குறிக்கப்படவில்லையென்றால் அதன் மேல் ஓசையை எளிதில் வைக்க முடியாது. நம் ஊர்களில் எத்தனையோ தெருக்களுக்கு நடைபாதை உண்டா, கடவை எங்கே, கட்டடத்தின் வாசல் எந்தப் பக்கம் என்ற விவரம் ஏறவே இல்லை. ஓசையின் நுட்பம் நாற்பது ஆண்டுகளில் தேறிவிட்டது. அது ஒலிக்கவேண்டிய இடங்களை நாம் இன்னும் எழுதிக்கொடுக்கவில்லை.

ஆண்ட்ராய்டு போனில் 'ஸ்ட்ரீட்கம்ப்ளீட்' என்று ஓர் இலவசச் செயலி இருக்கிறது. வரைபடம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றி அதுவே சின்னச் சின்னக் கேள்விகள் கேட்கும்: இந்தத் தெருவின் பெயர் என்ன? இந்தக் கடவையில் காலுக்குத் தட்டுப்படும் புடைப்புத் தளக்கற்கள் பதித்திருக்கிறார்களா? இந்தச் சிக்னல் பார்வையற்றவர்களுக்காக ஒலி எழுப்புமா? நீங்கள் தரும் பதில் திறந்த வரைபடத்தில் ஏறிவிடும். அடுத்த முறை பேருந்துக்குக் காத்திருக்கும்போது, உங்கள் தெருவைப் பற்றி அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.